ஒரே ஒரு சுடுதண்ணீர்க் குழாய்

என் அறைக்கு 'மகிழ்வகம்' என்று பெயர் வைத்தது நானில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே பெயர்ப்பலகை மாட்டிவிட்டார்கள். சுவர் முழுக்கச் சூரியகாந்திப் பூக்கள், ஆரஞ்சு நிறத்தில் இரண்டு பீன் பேக் இருக்கைகள், மூலையில் ஒரு மீன்தொட்டி. மீன்களுக்குக் கொடைக்கானல் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரே வாரத்தில் தொட்டி மட்டும் மிஞ்சியது.

நான் ரோகிணி. மதுரைக்காரி. இந்தக் கான்வென்ட் பள்ளியின் முதல் மனநல ஆலோசகர். ஜூன் மாதம் சேர்ந்த அன்றே தலைமையாசிரியை சிஸ்டர் ஆக்ஸிலியா ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டார். இந்தப் பணியிடம் டிசம்பர் வரை சோதனை அடிப்படையில்தான். மறைமாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு ஃபாதர் வந்து பார்ப்பார். பிள்ளைகளுக்குப் பயன்படுகிறது என்று அவர் எழுதினால் நான் இருக்கலாம். இல்லையென்றால் மதுரையில் என் சித்தப்பாவின் பல் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்க வேண்டியதுதான். உளவியலில் முதுகலை படித்துவிட்டு டோக்கன்! நினைத்தாலே எனக்குப் பல் வலித்தது.

ஜூன், ஜூலை, ஆகஸ்ட். மூன்று மாதத்தில் மகிழ்வகத்துக்கு வந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி டஸ்டர் தேடி வந்தாள். இன்னொருத்தி மீன் பார்க்க வந்தாள். மீன் இல்லை என்றதும் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

அறை இருந்த இடம் அப்படி. ஒரு பக்கம் சிஸ்டரின் அலுவலகம், எதிரே ஆசிரியர்கள் ஓய்வறை. உள்ளே நுழையும் பிள்ளையைக் குறைந்தது பத்துப் பேராவது பார்ப்பார்கள். சாயங்கால மணி அடிப்பதற்குள் 'அவளுக்கு என்னவாம்?' என்ற கேள்வி பள்ளி முழுக்கச் சுற்றி வந்துவிடும். எனக்கே பதினான்கு வயதாக இருந்தால் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்திருக்க மாட்டேன்.

செப்டம்பரில் ஒரு நாள் காலை வழிபாடு முடிந்து படியிறங்கும்போது சிஸ்டர் ஆக்ஸிலியா என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நம்ம பிள்ளைங்க எல்லாரும் சந்தோஷமாத்தான் இருக்காங்க போல ரோகிணி மிஸ். யாருமே வரலையே!"

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்று தைத்தது. அன்று பார்த்து என் வீட்டு ஓனரம்மா நெய்ப்பொங்கல் கட்டிக்கொடுத்திருந்தார். சாப்பிட்டு முடிப்பதற்குள் டிபன் டப்பா முழுக்க நெய் உறைந்து மெழுகாகிவிட்டது. வராந்தாக் குழாயில் பிடித்தால் கைதான் மரத்துப்போனது, நெய் அசையவில்லை.

"இங்க வச்சுத் தேச்சா சாயங்காலம் வரைக்கும் தேய்க்க வேண்டியதுதான். பாய்லர்கிட்ட போங்க மிஸ்" என்று போகிற போக்கில் ஒரு பிள்ளை சொன்னாள்.

விடுதிச் சமையற்கட்டுக்குப் பின்னால் ஒரு விறகு பாய்லர் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்வது அருள்மேரி அக்கா. காலையில் விடுதிப் பிள்ளைகள் குளிக்க, மதியம் ஒன்றிலிருந்து ஒன்றரை வரை எல்லாரும் டப்பாவும் தட்டும் கழுவ. அவ்வளவு பெரிய பாய்லருக்கு ஒரே ஒரு குழாய். வரிசை சமையற்கட்டுச் சுவரை ஒட்டி வளைந்து சிற்றாலய வாசல் வரை போகும்.

ஆசிரியர்கள் வந்தால் பிள்ளைகள் விலகி வழிவிடுவது வழக்கம். "முன்னாடி போங்க மிஸ்" என்று எனக்கும் விலகினார்கள். எனக்கு இருந்த எரிச்சலில், "ஒண்ணும் வேண்டாம், நான் கடைசியிலேயே நிக்கிறேன்" என்று வீம்பாகப் போய் வாலில் நின்றேன். செல்லாக்காசுக்கு என்ன மரியாதை வேண்டிக்கிடக்கிறது என்ற நினைப்பு.

முதலில் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். அப்புறம் என்னை மறந்துவிட்டார்கள். எனக்கு முன்னால் நின்றவள் ஒன்பதாம் வகுப்பு மஹ்ஜபின். நெட்டையான பெண், த்ரோபால் அணியில் ஆடுகிறவள். அவளுடைய அத்தா அப்துல் சலாம் பெருமாள்மலை பஜாரில் பழக்கடை வைத்திருக்கிறார். அவளுக்கு முன்னால் அவள் வகுப்புத் தோழி, பேத்துப்பாறை ஊர்க்காரி சண்முகப்பிரியா.

"நாளைக்கும் பிராக்டிஸாம் புள்ள" என்றாள் மஹ்ஜபின், முன்னால் இருந்த சடையைப் பார்த்துக்கொண்டு. "அந்தப் பந்தப் பாத்தாலே எனக்கு வயித்தக் கலக்குது. மேட்ச் அன்னைக்கெல்லாம் சோறே எறங்க மாட்டேங்குது."

"அப்ப வரலைன்னு சொல்ல வேண்டியதுதான?" சண்முகப்பிரியா திரும்பவில்லை.

"எங்கத்தா பஜார் பூரா சொல்லி வச்சிருக்காரு. எம்பொண்ணு திண்டுக்கல்லு போயி ஆடப் போறான்னு. வர்றவன் போறவன்கிட்டயெல்லாம் சொல்றாரு. நான் எப்புடிச் சொல்ல?"

வரிசை இரண்டடி நகர்ந்தது. நானும் நகர்ந்தேன். என்னையும் அறியாமல் அவள் பின்னங்கழுத்தைப் பார்த்துக் கேட்டேன்: "ஆட்டத்துல எல்லாமே புடிக்கலையா, இல்ல ஏதோ ஒண்ணுதான் புடிக்கலையா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "பந்து மூஞ்சிக்கு நேரா வர்றதுதான் மிஸ் புடிக்கலை. ரூல்ஸெல்லாம் ரொம்பப் புடிக்கும்."

'மிஸ்' என்றாள். ஆனால் திரும்பவில்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. மகிழ்வகத்தில் நான் நாற்காலியை எதிரெதிரே போட்டு, முகத்தில் கரிசனத்தைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எந்தப் பிள்ளை அந்த முகத்துக்கு நேராகப் பேசும்? இங்கே எல்லாரும் அடுத்தவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். கையில் ஒரு அழுக்கு டப்பா. நேரமோ அரைமணிதான். பேசலாம்.

மறுநாளிலிருந்து ஓனரம்மாவிடம் நெய்யைக் கொஞ்சம் தாராளமாக ஊற்றச் சொன்னேன்.

மூன்றாம் நாள் மஹ்ஜபின் கேட்டாள், திரும்பாமல்தான்: "மிஸ், நாங்க பேசுறதையெல்லாம் நோட்டுல எழுதுவீங்களா?"

"மாட்டேன். வரிசையில பேசுனது வரிசையோட."

"சிஸ்டர் கேட்டாங்கன்னா?"

"டிபன் கழுவினேன்னு சொல்லுவேன்."

அது பிள்ளைகளுக்குப் பிடித்துவிட்டது. பின்னால் நிற்பவள் முன்னால் நிற்பவளிடம் 'இன்னைக்கு எப்படிப் போச்சு?' என்று கேட்பது மெல்ல மெல்ல வழக்கமாகிவிட்டது. நான் எப்போதும் கடைசி ஆள். என்னை மட்டும் யாரும் கேட்டதில்லை, கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றியதில்லை. அந்த மூன்று மாதத்தில் அங்கே கேட்டதை இங்கேயும் எழுதப் போவதில்லை. மஹ்ஜபின் விஷயத்தை மட்டும் எழுதலாம் என்று அவளே சொன்னாள். நெட்டை என்று மட்டும் எழுதக் கூடாதாம். மன்னித்துக்கொள் மஹ்ஜபின்.

அவள் சிக்கலைத் தீர்த்தது நானில்லை. சண்முகப்பிரியாதான். "ரூல்ஸ்தான் புடிக்கும்ங்கிற, அப்ப விசில எடுத்து ஊதித் தொலை புள்ள" என்றாள் ஒரு நாள். நான் செய்த ஒரே வேலை அதை விளையாட்டு ஆசிரியையின் காதில் போட்டதுதான், அதுவும் மஹ்ஜபினிடம் கேட்டுக்கொண்டு. நவம்பரில் பள்ளிகளுக்கிடையேயான நட்பு ஆட்டத்துக்கு அவள் அம்பயராக நின்றாள். அப்துல் சலாம் கடையை மூடிவிட்டு வந்திருந்தார். மகள் விசில் ஊதும்போதெல்லாம் பக்கத்தில் நின்றவரைப் பிடித்து, "அம்பயரு நம்ம புள்ளதாங்க! அவ சொன்னா சொன்னதுதான்!" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த நாளே அது பஜார் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஆட்டத்தன்று மஹ்ஜபின் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள் என்று வரிசையில் தகவல் வந்தது.

நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன். டிசம்பர் வந்துவிட்டதை மறந்தே போனேன்.

ஃபாதர் இருதயசாமி வந்த அன்று பனி இறங்கி மைதானமே தெரியவில்லை. அறுபது தாண்டியவர், கனத்த உடம்பு, கழுத்தில் மஃப்ளர். மகிழ்வகத்துக்குள் வந்து சூரியகாந்தியைப் பார்த்தார், காலித் தொட்டியைப் பார்த்தார், வருகைப் பதிவேட்டைத் திறந்தார். முதல் பக்கத்தில் இரண்டு வரி. டஸ்டர், மீன். அதன்பின் வெள்ளைத் தாள்.

"ஆறு மாசத்துல இவ்வளவுதானா?"

சிஸ்டர் ஆக்ஸிலியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பாவம், அவருக்கு என்மேல் பிரியம் உண்டு. எனக்குச் சித்தப்பாவின் டோக்கன் பெட்டி கண்முன் வந்தது.

"பிள்ளைங்க இங்க வர மாட்டாங்க ஃபாதர்" என்றேன். "குழாய்கிட்டதான் பேசுவாங்க. நீங்க வந்து கேட்டுப் பாருங்க."

சிஸ்டர், முதலில் சாப்பிடட்டும் என்று அவரை விடுதிச் சாப்பாட்டு அறையில் உட்காரவைத்தார். விருந்தாளி என்று மட்டன் குழம்பு. சாப்பிட்டு எழுந்தபோது தட்டில் கொழுப்பு வெள்ளையாக உறைந்து கெட்டியாகிவிட்டது. "அப்படியே வச்சிருங்க ஃபாதர்" என்று சிஸ்டர் சொல்லச் சொல்ல, நானே கழுவிக்கொள்கிறேன் என்று தட்டோடு என் பின்னால் வந்தார்.

வரிசை வழக்கம்போல வளைந்து நின்றது. வாலில் சண்முகப்பிரியாவும் மஹ்ஜபினும்.

"ரோகிணி மிஸ்கிட்ட நீங்கல்லாம் மனசுவிட்டுப் பேசுவீங்களாமே?" என்று கேட்டார் ஃபாதர்.

சண்முகப்பிரியா என்னைப் பார்த்தாள். கண்ணில் ஒரு உறுதி. "இல்லைங்க ஃபாதர். மிஸ் டிபன் கழுவ வருவாங்க."

"வேற ஒண்ணும் பேச மாட்டாங்களா?"

"சும்மா நிப்பாங்க ஃபாதர்" என்றாள் மஹ்ஜபின். "நெறைய நெய் ஊத்திச் சாப்பிடுவாங்க. கழுவ நேரமாகும்."

நான் கொடுத்த வாக்கை அந்தப் பிள்ளைகள் எனக்காகக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். என் வேலை அவர்கள் வாயாலேயே போய்க்கொண்டிருந்தது. அழுவதா, கட்டிப்பிடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

"ஏ புள்ளைகளா, என்ன அங்க பேச்சு?" பாய்லருக்குப் பக்கத்திலிருந்து அருள்மேரி அக்காவின் குரல் வந்தது. அப்புறம்தான் ஃபாதரைப் பார்த்தார். ஆனாலும் விடவில்லை. "வரிசையில நில்லுங்க ஃபாதர், வெரசா. ஒண்ணரைக்கு நான் குழாய மூடணும், எனக்கு வேற சோலி கெடக்கு."

ஃபாதர் மறுபேச்சில்லாமல் வரிசைக்குப் போனார். மஹ்ஜபின் ஒரே ஒரு இடம் பின்வாங்கி அவரைத் தனக்கு முன்னால் விட்டாள். நான் அவளுக்குப் பின்னால், வழக்கம்போலக் கடைசியில்.

நாலடி நகர்ந்திருப்போம். பழக்க தோஷம், மஹ்ஜபின் அந்த மஃப்ளரைப் பார்த்துக் கேட்டுவிட்டாள்: "இன்னைக்கு எப்படிப் போச்சு ஃபாதர்?"

அவர் தட்டைக் கை மாற்றிக்கொண்டார். இன்னும் இரண்டடி நகர்ந்தோம்.

"நல்லாப் போகலைம்மா" என்றார், திரும்பாமல். "வத்தலக்குண்டுல இருந்து ஜீப்புல வந்தேன். எனக்கு இந்த மலைப்பாதைன்னா பயம். இருபது வருசமா ஏறி எறங்குறேன். ஒவ்வொரு வளைவுலயும் கண்ண மூடிக்குவேன். நான் செபம் பண்றேன்னு நெனச்சு டிரைவரு ரேடியோவ அமத்திருவாரு. ரேடியோ இருந்தாலாச்சும் பரவால்ல."

சிரிப்புச் சத்தம் ஒன்றும் வரவில்லை. "எங்கத்தா கடையில எறங்குங்க ஃபாதர்" என்றாள் மஹ்ஜபின். "இஞ்சி மரப்பா வச்சிருக்காரு. ஒண்ண வாயில போட்டுக்கிட்டா வயித்தக் கலக்காது. டிரைவர்கிட்ட ரேடியோ போடச் சொல்லிருங்க. சொன்னா போடுவாங்க."

"யாருகிட்டயும் சொன்னதில்லைம்மா, அதான்" என்றார் ஃபாதர்.

குழாய் வந்துவிட்டது. முன்னால் கழுவி முடித்த பிள்ளைகள் போகாமல் ஃபாதரை வேடிக்கை பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றார்கள். தட்டை வெந்நீரில் காட்டினார். கொழுப்பு கரைந்து ஓடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு நெற்றியைத் துடைத்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார். சிஸ்டர் ஆக்ஸிலியாவும் அதற்குள் வந்து நின்றிருந்தார்.

"இத்தனை பிள்ளைங்களுக்கு ஒரே குழாயா சிஸ்டர்? குளிர்ல எவ்வளவு நேரம் நிக்கிறாங்க, பாவம். இன்னும் ரெண்டு குழாய் போடச் சொல்லி எழுதிடுறேன்."

"ஐயோ, வேண்டாம் ஃபாதர்!" என்று கத்திவிட்டேன். "வரிசை போயிரும்!"

எல்லாத் தலைகளும் திரும்பின. அத்தனை நாளில் முதல்முறையாக வரிசை மொத்தமும் என் முகத்தைப் பார்த்தது. சண்முகப்பிரியா தலையிலேயே அடித்துக்கொண்டாள். பிள்ளைகள் காப்பாற்றியதை நானே போட்டு உடைத்துவிட்டேன்.

ஃபாதர் என்னையும் வரிசையையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார். "பாவத்தச் சொல்லி மன்னிப்புக் கேக்குற பாவசங்கீர்த்தனத்துக்கு நாங்க நடுவுல ஒரு தட்டிய வச்சோம், மொகம் தெரியக் கூடாதுன்னு. நீங்க முதுக வச்சிருக்கீங்க." சிஸ்டரிடம் திரும்பினார். "குழாய் ஒண்ணே போதும் சிஸ்டர். இந்தப் பொண்ணு இங்கயே இருக்கட்டும். நான் எழுதிடுறேன்."

"ரெஜிஸ்டர்ல என்னன்னு எழுதுறது ஃபாதர்?" சிஸ்டருக்கு அந்தக் கவலை.

"டிபன் கழுவினாங்கன்னு எழுதுங்க."

அவர்கள் போனார்கள். மற்ற பிள்ளைகளும் வகுப்புக்கு ஓடினார்கள். குழாயடியில் மஹ்ஜபின், அவளுக்குப் பின்னால் நான். என் கையிலிருந்து டப்பாவின் மூடி இரண்டு முறை கீழே விழுந்தது.

வழக்கப்படி பின்னால் நிற்பவள்தான் கேட்க வேண்டும். மஹ்ஜபின் முன்னால் நின்றுகொண்டே கேட்டாள்: "மிஸ், இன்னைக்கு எப்படிப் போச்சு?"

"பயந்தே போயிட்டேன் புள்ள" என்றேன். பிறகு எல்லாம் வந்தது. டோக்கன், சித்தப்பா, ஜூன் மாதத்திலிருந்து தனியாக உட்கார்ந்திருந்த அந்த அறை, செத்துப்போன மீன்கள், எல்லாம். அவள் 'ம்' கொட்டிக்கொண்டே தன் டப்பாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அது எப்போதோ பளபளவென்று ஆகிவிட்டிருந்தது. ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

ஒன்றரை மணி தாண்டியும் அருள்மேரி அக்கா குழாயை மூடவில்லை.