மதுக்கடையில் எழுதிய சீட்டு

பதினொரு மணிக்கு டாக்டர் கின்கெய்ட் மதுக்கடையின் மூலை மேசையில் வந்து அமர்ந்தால், எடின்பரோவின் பாதி நோய்கள் அவரைத் தேடி அங்கேயே வந்துவிடும். நோயாளிகள் வரமாட்டார்கள். மருந்துக்கடைக்காரர்கள் வந்து யாருக்கு என்ன தொந்தரவு என்று சொல்வார்கள். டாக்டர் ஒரு மிடறு ஒயினை விழுங்கிவிட்டுச் சீட்டு எழுதிக் கொடுப்பார். அந்தக் காலத்துப் பெரிய வைத்தியர்கள் எல்லாருக்கும் இதுதான் வழக்கம். இவருக்கு இன்னொரு காரணமும் இருந்தது. வலது முழங்கால் கெட்டு ஒன்பது வருடமாயிற்று. இந்த ஊரிலோ வீடுகள் ஒன்றின் தலையில் ஒன்றாக எட்டு மாடி, ஒன்பது மாடி. படி ஏற முடியாத வைத்தியரை யார் மதிப்பார்கள்? படி ஏறுவதே தன் தகுதிக்குக் குறைவு என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டார். ஊரும் அந்த முகத்தை நம்பியது.

அன்று மருந்துக்கடை ரென்னி, செருப்புத் தைக்கும் நினியனின் மனைவி எல்ஸ்பெத்தைப் பற்றிப் பேச வந்திருந்தார். நெஞ்சுப் படபடப்பு, மூச்சிரைப்பு, காதில் இரைச்சல் என்று முன்பு கேட்டவுடனேயே, உடம்பில் ரத்தம் மிஞ்சிவிட்டது என்று தீர்மானித்து, கையைக் கீறி ரத்தம் எடுக்கச் சொல்லி டாக்டர் எழுதியிருந்தார். பத்து நாளில் மூன்று முறை எடுத்தாயிற்று.

"இன்னும் கேக்கலை ஐயா. நேத்து மயங்கி விழுந்துட்டா. பாலும் வத்திப்போச்சாம்."

எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. "பாலா? கொழந்தை பொறந்திருக்கா?"

"மூணு வாரம் ஆச்சு போல."

"நீ பாத்தப்போ எப்படி இருந்தா?"

ரென்னி நெளிந்தார். தான் எங்கே பார்த்தது, புருஷன்தான் கடை வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போவான் என்றார். மேலே போனது ரத்தம் எடுக்கிற நாவிதன் மட்டும்தான். சீட்டில் இருப்பதைச் செய்துவிட்டு இறங்குவதோடு அவன் வேலை முடிந்தது. பத்து நாளாக ஒரு வைத்தியர் கண்ணும் அவள்மேல் படவில்லை.

டாக்டர் கைத்தடியை எடுத்துக்கொண்டு எழுந்தார். கடையே திரும்பிப் பார்த்தது.

நினியனின் வீடு ஏழாம் மாடி. திருகித் திருகிப் போகும் கல் படிகள். மூன்றாம் மாடிவரை, கைப்பிடிக்காகச் சுவரோரம் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறினார். அதற்குமேல் காலை நம்ப முடியவில்லை. படியில் உட்கார்ந்து, கைகளை ஊன்றி, பின்பக்கமாக ஒவ்வொரு படியாக உடம்பைத் தூக்கி வைத்தார். மீன் கூடையோடு இறங்கி வந்த ஒருத்தி, பட்டப்பகலிலேயே இத்தனை போதையா என்று கேட்டுவிட்டுத் தாண்டிப் போனாள். கோபப்பட அவருக்கு நேரமில்லை. தான் நினைப்பது பொய்யாக இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் மனதில் இருந்தது.

பொய்யாக இல்லை. கட்டிலுக்கு அடியில் ஒரு தொட்டி. அதில் ஊறிக்கொண்டிருந்த ரத்தத் துணிகளைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"இது எத்தனை நாளா?"

"பெத்த அன்னிலேருந்து ஐயா" என்றான் நினியன். கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தான்.

"ரென்னிகிட்ட ஏன்டா சொல்லலை?"

"கடையில பத்துப் பேரு நிப்பாங்க. பொம்பளைங்க சமாச்சாரத்த அங்க எப்படி சொல்றது? சொல்லக்கூடாதுன்னு அவளும் சத்தியம் வாங்கிட்டா." தலையைக் குனிந்துகொண்டான். "ரத்தம் எடுக்கச் சொல்லி நீங்களே எழுதினீங்கல்ல. பெரிய டாக்டரு, எல்லாம் தெரிஞ்சுதான் எழுதிருப்பாருன்னு நெனச்சேன்."

டாக்டருக்கு அங்கிருந்து ஓடிவிட வேண்டும் போலிருந்தது. ரத்தம் கொட்டிப்போய்க்கொண்டிருந்த உடம்பிலிருந்து, மிச்சத்தையும் எடுக்கச் சொன்னவர் அவர். கட்டிலில் உட்கார்ந்தார். எல்ஸ்பெத்தின் உதடும் தலையணையும் ஒரே நிறமாக இருந்தன. நாடி விரலுக்குக் கிடைக்க வெகுநேரமாயிற்று.

நினியன் அவள் காதருகே குனிந்தான். அவன் குரலில் பத்து நாளாக இல்லாத தெம்பு.

"எல்ஸ்பெத், கண்ணைத் தொறந்து பாரு. டாக்டர் ஐயாவே ஏறி வந்திருக்காரு. இனிமே பயமில்ல."

தான் எழுதிய சீட்டுதான் தப்பு என்று அவனிடம் சொல்லிவிட டாக்டர் வாயைத் திறந்தார். அதற்குள் எல்ஸ்பெத் கண்ணைத் திறந்துவிட்டாள். அவரைப் பார்த்தாள். போர்வைக்குள்ளிருந்து இடது கையை மெல்ல வெளியே எடுத்து, சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டத் தொடங்கினாள்.