இயோ என்றால் பத்து இல்லை

விடியுமுன்பே ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் நீராவி மூச்சை அடைத்தது. முந்தின நாள் கரும்பு லாரியில் பஸ் மோதி அடிபட்டவர்களின் விரிப்புகள் மலையாகக் கிடந்தன. ரத்தக்கறை சுடுநீரில் போகாது. பச்சைத் தண்ணீரில்தான் கசக்க வேண்டும். செரியானாவின் விரல்கள் மரத்துப் போயிருந்தன.

"உன் பேர்ல மூணாவது தப்பும் விழுந்துடுச்சாம். வேலைக்கே உலை வெச்சுட்டாங்கடி," என்றாள் உடன் துவைக்கும் பிரேம்வதி.

"நான் என்னக்கா பண்ணேன்? மெசேஜ் வந்ததும் ஓடித்தானே வந்தேன்!"

அவசரம் என்றால் ஊழியர் போனுக்கெல்லாம் செய்தி வரும் இந்த ஏற்பாட்டை அங்கே யாரும் நம்பவில்லை. போன மாதம் செய்தி பார்த்து அலறியடித்து வந்தபோது அடிபட்டவர் ஒருவரும் இல்லை. கடிகாரத்தைப் பார்த்தபடி மேலாளர் எசாலாதான் வாசலில் நின்றார். ஆளைக் கூப்பிடவா, ஆளைக் கழிக்கவா என்ற சந்தேகம் அன்று பிடித்தது.

எசாலா உள்ளே வந்தார். "நேத்து பத்து நிமிஷத்துல வர்றேன்னு அனுப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சு வந்திருக்கே. நாளையிலிருந்து வராதே."

"பத்தா? நான் 'இயோ'ன்னுதானே சார் போட்டேன்!"

பிரேம்வதி போனை வாங்கிப் பார்த்தாள். எத்தனை நிமிடத்தில் வருவீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டிருந்தது. எதைக் கேட்டாலும் 'இயோ', அதாவது ஆமாம், என்றே பழகிய ஃபிஜி வாய். விரலும் அதையே தட்டிவிட்டது. ஆங்கில எழுத்தில் அது ஒரு கோடு, ஒரு வட்டம். இயந்திரம் பத்து என்று படித்துக்கொண்டது.

"ஆத்துக்கு அந்தப் பக்கம் இவ வீடு. பத்து நிமிஷத்துல பறந்தா வருவா?" என்றாள் பிரேம்வதி.

"மெஷின் பொய் சொல்லாது."

"மெஷினுக்கு உங்க பாஷை தெரியாது சார். உங்களுக்குமா மறந்துபோச்சு? உங்கம்மா கூப்பிட்டா என்னன்னு பதில் சொல்வீங்க?"

எசாலாவின் முகம் கறுத்தது. வாசலில் ஸ்ட்ரெச்சர் தள்ளும் வாய்சேகே வந்து நின்றான். அவனுக்குப் பின்னால் சமையல்கட்டுப் பெண்கள்.

"நானும் 'இயோ'ன்னுதான் போட்டேன் சார். என்னையும் நிறுத்துங்க."

"என்னையும்!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அப்போது எல்லாப் போன்களும் ஒன்றாக ஒலித்தன. நிஜமா, சோதனையா? அனைவரும் எசாலாவைப் பார்த்தார்கள். அவரும் தெரியாமல் விழித்தார். வெளியே ஆம்புலன்ஸ் சத்தம் நெருங்கியது.

வாய்சேகே ஓடினான். செரியானா மட்டும் ஈரக்கையோடு தயங்கினாள்.

"வாடி! அடிபட்டவன் என்ன பாவம் பண்ணான்? நாளைக்கு உன்னை நடுவுல விட்டுத்தான் நாங்க எல்லாரும் உள்ள நுழைவோம். தடுத்துப் பாக்கட்டும்."

எசாலா காதுபடத்தான் சொன்னாள் பிரேம்வதி. செரியானா கையை உதறிவிட்டு அவர்களோடு ஓடினாள்.