பள்ளிக்கூடத்து மரத்து விதை

ருவான்வெல்லைப் பக்கத்து ரப்பர் தோட்டப் பள்ளி ஆசிரியர் ராமச்சந்திரனை வட்டாரமே புரொபஸர் என்றுதான் கூப்பிடும். பிள்ளைகளுக்கு எப்படிப் படிப்பிப்பது என்று ஆரம்பித்தால் மனுஷர் விடமாட்டார். கேட்பவர் பஸ்ஸைத் தவறவிட வேண்டியதுதான். ஆசிரியர் சங்கத் தலைவர் பதவி மேல் அவருக்கு அப்படி ஒரு ஆசை. இரண்டு மாதமாகத் தோட்டம் தோட்டமாகப் போய் ஆதரவு கேட்டார். அதே பள்ளியில் இவரைத் தவிரப் படிப்பிக்கும் ஒரே ஆளான மனைவி ஜெயம்மா சட்டையை வெளுத்துக் கொடுத்து அனுப்பினாள்.

எதிர்த்து நின்றவர் பஜார் பள்ளி நுஹ்மான் மாஸ்டர். கை தூக்கி வாக்களித்தால் மனத்தாங்கல் வருமென்று, ஆளுக்கொரு ரப்பர் விதை கொண்டுவந்து திரைக்குப் பின்னால் போட்டியாளர் இருவருக்கும் தனித்தனியாக வைத்த, ரப்பர் பால் பிடிக்கும் சிரட்டையில் போட ஏற்பாடு. ஒரு மரத்து விதையின் புள்ளியும் பட்டையும் இன்னொரு மரத்து விதையில் இருக்காது. ரப்பர் காட்டில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். அன்றைக்குப் பார்த்து ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை, போங்கள்.

ஒரே விதை வித்தியாசத்தில் நுஹ்மான் ஜெயித்துவிட்டார். மேசையில் கொட்டிய, தனக்கு விழுந்த விதைகளில் ஒன்றை நுஹ்மான் எடுத்துப் பார்த்தார்.

"இது ஒங்கட ஸ்கூல் வாசல் மரத்து விதையல்லவா, மாஸ்டர்? இந்தக் கருப்புப் பட்டை வேற மரத்தில இல்லயே."

எல்லோரும் ஜெயம்மாவைப் பார்த்தார்கள். அவள் தலை குனிந்தாள். ராமச்சந்திரனுக்குப் பொறுக்கவில்லை.

"அது நான் போட்டதுங்க. எனக்கு நானே போட்டுக்கிறது அழகில்லன்னு நினைச்சேன்."

சபை நெகிழ்ந்துபோனது. யாரோ கைதட்டினார். தோற்றாலும் பரவாயில்லை என்று அவருக்கே தோன்றியது. அப்போதுதான் மேசையில் தன் பக்கத்துக் குவியலில், தனக்குத் தானே போட்ட கருப்புப் பட்டை விதை அவர் கண்ணில் பட்டது. நுஹ்மான் நல்ல மனிதர், அதை மெல்ல உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு நடக்கும்போது ராமச்சந்திரன் கேட்டார். "என் மேல என்ன கோவம், ஜெயம்மா?"

"கோவமில்லைங்க. ரெண்டு மாசமா உங்க மூணாம் வகுப்பையும் நான்தானே பார்க்கிறேன். நேத்து ஒரு பிள்ளை கேட்டுச்சு, நம்ம மாஸ்டருக்குப் பேர் வெட்டி வேலைய விட்டு அனுப்பிட்டாங்களான்னு. தலைவராயிட்டா நீங்க இந்தப் பக்கமே வரமாட்டீங்க."

அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. "எந்தப் பிள்ளை?"

"அழகம்மா. முதல் பெஞ்சில, உங்க மேசைக்கு நேரா இருக்குமே."

அவர் யோசித்துக்கொண்டே நடந்தார். அந்த முகம் ஞாபகத்துக்கு வரவில்லை.