சிவகௌரி மீட்ட படங்கள்

கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, கொக்குவிலில் தியாகராசா வீட்டுக் கணினி படங்களைக் காட்ட மறுத்தது. மணப்பெண்ணான மகள் யதுர்சிகா தன் கைத்தொலைபேசியிலிருந்த படங்களை அதில் ஏற்றிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. திரும்ப வந்த பிறகு, பத்தொன்பது வருடக் குடும்பப் படங்கள் இருந்த தொகுப்பைத் திறந்தால், ‘பழுதடைந்துள்ளது, திறக்க முடியாது’ என்ற ஒரே வரிதான் வந்தது. மண்டபத்தில் திரை கட்டி ஓடவிட வேண்டிய படங்கள் அத்தனையும் அதற்குள் இருந்தன.

தெரிந்த கணினிக் கடைக்காரர் போனிலேயே கையை விரித்தார். “எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுப் புதுசாப் போடவேணும். படங்களை மறந்துவிடுங்கோ.”

யதுர்சிகா அழத் தொடங்கினாள். தியாகராசாவின் தங்கை சிவகௌரிதான் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். “ஒண்டையும் அமத்தாதை பிள்ளை. நான் பாக்கிறன்.”

சிவகௌரிக்கு நாற்பத்தாறு வயது. மானிப்பாயில் ஒரு சங்க அலுவலகத்தில் கணினியில் வேலை. கணவர் மயூரதன் ஆறு வருடத்துக்கு முன் மாரடைப்பில் இறந்தார். அன்றிலிருந்து அண்ணன் வீட்டுப் பின்னறையில் இருக்கிறாள்.

அவள் லீவு போட்டாள். முதலில் பழுதான தொகுப்பை அப்படியே வேறொரு ஹாட் டிஸ்க்கில் பிரதி எடுத்தாள். பிறகு பிரதியில் கைவைத்துத் திருத்திப் பார்த்தாள். பாதியில் நின்றது. மறுநாள்தான் விஷயம் பிடிபட்டது. படங்கள் பெரும்பாலும் கெடவில்லை, எந்தப் படம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணைதான் கெட்டிருந்தது. வெறுந் தொகுப்பு ஒன்றைப் புதிதாகத் திறந்து, வருடம் வருடமாகப் படங்களை அதில் இறக்கினாள். உடைந்த படம் ஒன்று குறுக்கிட்டால் எல்லாம் நின்றுவிடும். அதைத் தேடி ஒதுக்கிவிட்டு மீண்டும் தொடங்குவாள். மூன்றாம் நாள் பின்னேரம் நாலாயிரத்துச் சொச்சம் படங்கள் வந்துவிட்டன. போனவை பதினொன்றுதான்.

“மாமி!” என்று யதுர்சிகா கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அண்ணன் மனைவி வசந்தமலர் தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் நின்று படங்களைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் முகம் மாறியது.

“கௌரி, குறை நினைக்காதையுங்கோ. மண்டபத்திலை போடுறதுகளிலை நீங்கள் நிக்கிற படங்களை எடுத்துவிடுங்கோ.”

“ஏன் மச்சாள்?”

“நல்ல காரியம். மாப்பிள்ளை பகுதி ஆக்கள் இருப்பினம். நான் சொல்லியே உங்களுக்குத் தெரியவேணும்?”

திரையில் யதுர்சிகா பெரியபிள்ளையானபோது செய்த சாமத்தியச் சடங்கு. பட்டுச் சேலையில் சிவகௌரி ஆலாத்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.

“இதிலை நான் பொட்டு வைச்சிருக்கிறன் மச்சாள். எடுத்ததும் அவர்தான். அவர் உசிரோடை நிண்டு எடுத்த படத்திலையும் நான் விதவையோ?”

பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த தியாகராசா தலையைத் தூக்காமலே, “சனம் கதைக்கும் கௌரி,” என்றார்.

மனைவியை இழந்த ஆண் சபையின் முன்வரிசையில் இருக்கிறான். அவனை எழும்பச் சொல்ல எவருக்கும் வாய் வராது. மூன்று நாள் கண் சிவக்கச் சிவக்க இருந்து மீட்டுக் கொடுத்தவளுக்கு மட்டும், மீட்ட படத்திலேயே இடமில்லையாம்!

சிவகௌரி எழுந்தாள். மவுஸை அண்ணன் பக்கம் தள்ளினாள். “அப்ப உங்கடை கையாலை நீங்களே அழியுங்கோ அண்ணை. நான் செய்யமாட்டன்.”

“மாமி இல்லாட்டில் ஒரு படமும் போடத் தேவையில்லை,” என்றாள் யதுர்சிகா.

வசந்தமலர் அவசரமாக, “சரி, சரி. படம் கிடக்கட்டும்,” என்றாள்.

சிவகௌரிக்கு அதுதான் இன்னும் சுட்டது. “படத்திலை இருக்கிற எனக்கு இடம் தாறது சுகம், மச்சாள். உசிரோடை நிக்கிற எனக்கு? கல்யாணத்தண்டைக்கு என்னைச் சமையலடியிலை நிப்பாட்டுறதெண்டு நீங்கள் கதைச்சது எனக்குக் கேட்டது. அண்ணையும் ஓமெண்டவர்.”

தியாகராசாவின் கையிலிருந்த பேப்பர் மடிக்கு வந்தது. அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அவர் வரவில்லை.

கல்யாணத்தன்று சிவகௌரி நிற்கும் படங்களும் ஒன்றுகூடக் குறையாமல் திரையில் ஓடின. தாலி கட்டி முடிந்து, அறுகும் அரிசியும் தூவி மணமக்களை வாழ்த்தும் அறுகரிசி போடப் பெரியவர்கள் எழும்பினார்கள். தியாகராசா மணவறையிலிருந்து இறங்கி, கடைசி வரிசையில் இருந்த தங்கையிடம் நேரே போனார்.

“வா கௌரி. பிள்ளைக்கு மாமிதான் முதல் போடவேணும்.”

சிவகௌரி அறுகரிசி அள்ளினாள். தட்டைப் பிடித்திருந்த வசந்தமலரின் முகம் இறுகித்தான் இருந்தது. யதுர்சிகா தலையை நன்றாகக் குனிந்து கொடுத்தாள். முன்வரிசையில் ஒரு பெரியவர், “உவ போடலாமோ?” என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டது எல்லோருக்கும் கேட்டது.

தியாகராசா அவர் பக்கம் திரும்பினார். “ஏன் போடக்கூடாது? புருசன் செத்தது என்ரை தங்கச்சி செய்த குற்றமில்லை. அதுக்காக அவளை ஒதுக்கிறம் பாருங்கோ, அதுதான் குற்றம். ஆறு வருசமாய் நானும் அதைச் செய்தனான். இனிச் செய்யன். நீங்களும் செய்யாதையுங்கோ.”