இரண்டு பத்திக்கு நடுவே நீச்சல்

எங்கள் கதையில் ஒரு பத்திக்கும் அடுத்த பத்திக்கும் நடுவே விட்டிருக்கும் வெள்ளை இடத்தில்தான் நான் நீச்சல் பழகினேன். என் தங்கை கோமுவுக்கு அந்தச் சிரமம் இல்லை. "கோமுவுக்கு நீச்சல் பிறவியிலேயே வந்தது" என்று எழுத்தாளர் முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டார். அவர் முற்றுப்புள்ளி வைப்பதற்குள் அவள் தெப்பக்குளத்தைச் சுற்றி வந்து, படியில் உட்கார்ந்து தலை துவட்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வரி எனக்கு. "அக்கா ஆவுடை பல வருடங்கள் பாடுபட்டு நீந்தக் கற்றாள்." எழுதியவருக்கு அது ஒரு வரி. பாடுபட வேண்டியவள் நான். கதைக்குள் அத்தனை வருடங்களுக்கு இடம் இல்லாததால், பத்திக்குக் கீழே இருந்த வெள்ளைக்குள் இறங்கினேன். எத்தனை வருடம் என்று எழுதியிருந்தால் முடித்துவிட்டு வந்திருப்பேன். 'பல' என்று எழுதிவிட்டு அவர் பாட்டுக்கு அடுத்த பத்திக்குப் போய்விட்டார். போதும் என்று சொல்ல அங்கே ஆள் இல்லை.

வெள்ளையில் தண்ணீரும் இல்லை. அவர் தண்ணீர் என்று எழுதவில்லை. எழுதாதது எங்களிடம் இருக்காது. ஆகவே தண்ணீர் இல்லாமலே பழகினேன். முதலில் நிறைய விழுந்தேன். தரை என்றும் எழுதப்படாததால் விழுந்து முடிக்கவே நெடுநேரம் ஆகும்.

துணைக்கு எதிர்வீட்டுச் சுடலை அண்ணாச்சி இருந்தார். அவர் மனைவி முந்தின பத்தியில் இறந்துபோயிருந்தார். "காலம் அவர் துக்கத்தை ஆற்றியது" என்று எழுதியிருந்ததால், ஆறும்வரை அவரும் வெள்ளையில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"ஏளா ஆவுடை, கால மடக்காத. நீட்டி அடி," என்பார். பிறகு கொஞ்சம் அழுவார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்பப் பரவால்ல," என்பார். என் காலைச் சொன்னாரா தன் துக்கத்தைச் சொன்னாரா என்று நான் கேட்டதில்லை. ஒரு நாள் எழுந்து, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, "வாரேன்," என்று கதைக்குள் போய்விட்டார். அதற்குப் பிறகும் நான் நீந்திக்கொண்டிருந்தேன்.

கோமுமேல் எனக்குப் பொறாமை இருந்தது. இல்லை என்று சொல்ல நான் ஒன்றும் மகான் இல்லை. அப்படி என்னை யாரும் எழுதவும் இல்லை. தோள் எரியும்போதெல்லாம் அவளை வாய்க்கு வந்தபடி வைவேன். வைத மறு நொடியே அவளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று பதறுவேன். அக்காவாக வாய்த்துவிட்டால் அப்படித்தான்.

ஒருவழியாக வெளியே வந்தபோது எனக்குத் தலை நரைத்திருந்தது. எழுத்தாளர் கவனிக்காமல் "ஆவுடையின் கருங்கூந்தல்" என்று எழுதினார். முடி கறுத்துவிட்டது. தோள்வலி மட்டும் அப்படியே நின்றது. எழுதாதது எங்களிடம் இருக்காது என்று சொன்னேன். பட்டது அதற்கு விலக்கு. கோமுவுக்கோ இடையில் எதுவுமே நடக்கவில்லை. ஒரு பத்தியிலிருந்து அடுத்த பத்திக்கு வாய்க்கால் தாண்டுவதுபோல் தாண்டியிருந்தாள்.

"எங்கக்கா போயிட்ட? இட்லி ஆறிட்டு," என்றாள். நான் போய்ச் சாப்பிட்டேன்.

கதை முடிந்தது. அதைப் புத்தகமாகப் போட வேண்டும் என்று எழுத்தாளர் சிவப்பு மையோடு முதல் பக்கத்திலிருந்து திருத்த உட்கார்ந்தார். அப்போது கோமு நடுக்குளத்தில் இருந்தாள். நான் படியில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வரியை அடித்தால் எங்களுக்குச் சின்னதாக ஒரு காற்று வரும். காற்று வந்தது. அவள் வரியும் என் வரியும் ஒன்றாகப் போயின. கோமுவுக்கு நீச்சல் நின்றுவிட்டது. ஒரு கை மேலே வந்தது. பிறகு கையையும் காணவில்லை.

எழுத்தாளர் பேனாவை மூடிவிட்டுக் காபி குடிக்கப் போயிருந்தார். திரும்பி வந்தால் குளத்தைப் பார்ப்பார். பார்த்தால், "அன்று கோமு இறந்தாள்" என்று எழுதிவிடுவார். கெட்டவர் இல்லை. சாவு என்றால் அவருக்குக் கை நன்றாக ஓடும், அவ்வளவுதான். எழுதிவிட்டால் அப்புறம் யார் அழுதும் பிரயோசனம் இல்லை.

என் வரியும்தான் போயிருந்தது. தோளை அசைத்துப் பார்த்தேன். வலித்தது. குதித்தேன்.

நான் பழகியது தண்ணீர் இல்லாத நீச்சல். தண்ணீருக்குள் அது செல்லாது. ஆகவே குளத்துக்கு ஒரு சாண் மேலே நீந்திப் போனேன். நடுவில் குமிழிகள் வந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு மேலே நின்று, தோள்வரை கையை விட்டுத் துழாவினேன். பாசி வந்தது. ஒற்றைச் செருப்பு வந்தது. பிறகு பின்னல் வந்தது. பிடித்து இழுத்தேன்.

கோமு குடித்த தண்ணீரை எல்லாம் கக்கிவிட்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நான் மேல்நோக்கி நீந்தினேன்.

"எனக்குக் கையும் காலும் வரமாட்டேங்குக்கா. நேத்துவர நல்லா வந்துச்சே."

"ஒன் நீச்சல் போயிட்டுட்டி."

"ஒனக்கு மட்டும் எப்படி வருது? நீ எப்பப் பழகுன?"

"நீ தாண்டி வந்தேல்லா, ஒரு வெள்ள எடம். அதுல."

"அங்க ஒண்ணுமே இல்லயேக்கா."

"இல்லதான்."

அவள் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் தண்ணீர் வந்து நீச்சல் கெட்டுவிடும் என்று அடக்கிக்கொண்டேன்.

குளத்தங்கரைக் கோயில் கோபுரத்துக்கு மேலே எழுத்தாளரின் மொட்டைமாடி இருந்தது. கையில் டம்ளரோடு அவர் குளத்தை எட்டிப் பார்க்க வந்துகொண்டிருந்தார். நான் அவர் தலைக்கு நேர்மேலே போய் நின்றேன். கோமுவின் பாவாடையிலிருந்து நாலைந்து சொட்டுகள் அவர் உச்சந்தலையில் விழுந்தன. அவர் தலையைத் தடவிப் பார்த்தார். குளத்தை மறந்து, உள்ளே போய், "மழை பெய்தது" என்று எழுதினார்.

மழை பெய்தது. தண்ணீர் என்று அவர் எழுதாததால் அது உலர்ந்த மழையாக இருந்தது. கோமுவின் பாவாடை மெல்லக் காய்ந்தது.

"விட்டுராதக்கா," என்றாள்.

"நான் எங்கட்டி பிடிச்சிருக்கேன்? நீதான் பிடிச்சிருக்க."

அவள் ஒரு கையை மட்டும் எடுத்துவிட்டுக் காலை அடித்தாள். உதை என் விலாவில் விழுந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இன்னொரு தரம் அடிக்கச் சொன்னேன்.

கீழே தெருவில் மழையைக் கண்டு எல்லோரும் வெளியே ஓடிவந்தார்கள். வீட்டில் இருந்த ஈரத் துணிகளை எல்லாம் அள்ளிவந்து கொடியில் காயப்போட்டார்கள்.