வாயாடியின் மூக்கு

சலவைக் கடையில் கறை எடுக்கும் வேலைக்குச் சேர்ந்த சில வருஷத்திலேயே மருந்து நெடியில் அம்மாவின் மூக்கு செத்துப்போனது. அடுப்பில் பால் தீய்ந்தாலும் தெரியாது. அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மகனுக்கு மீசை அரும்பியபோதுதான் அவளுக்குப் பயம் வந்தது. அவளுடைய தம்பி அந்த வயதில் தொட்ட பாட்டிலைக் கடைசிவரை கீழே வைக்காமலே போய்ச் சேர்ந்தவன். புருஷனோ லாரியோடு ஊர் ஊராகச் சுற்றுகிறவன். பையனை யார் பார்ப்பது?

மகளின் மூக்கைக் கடன் வாங்கினாள்.

அண்ணனுக்கு மூன்று வயது இளையவள் அவள். வாயாடி என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பாள். தினமும் சாயங்காலம் மூத்தவன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வாயைத் திறந்து நிற்கவேண்டும். வாயாடி எம்பி நின்று மோந்து பார்ப்பாள். பிறகு சட்டைக் காலர், அப்புறம் விரல்கள்.

"வெங்காயம் தின்னிருக்காரு. வேற குத்தம் இல்ல. உள்ள விடலாம்."

"நல்லா பாருடி. பசங்களை நம்பவே முடியாது."

"ஏம்மா, என்னை யாரும் மோந்து பாக்க மாட்டீங்களா?" என்று ஒரு நாள் கேட்டாள் வாயாடி.

"நீ பொண்ணுடி கழுத!" என்று அம்மா சிரித்தாள். வாயாடியும் சேர்ந்து சிரித்தாள்.

பள்ளிக்கூடமும் இதே கணக்கில்தான் ஓடியது. பிழைக்க வந்த சனத்துப் பையன்கள் என்றால் வாசலிலேயே பையைக் கொட்டிப் பார்ப்பார்கள். ஊர்க்காரப் பையன்கள் விசிலடித்துக்கொண்டு உள்ளே போவார்கள். மூத்தவனின் பையை எத்தனையோ தடவை கொட்டியும் ஒரு பீடித்துண்டுகூட அகப்படவில்லை. நியாயம் கேட்கப் போன அம்மாவைத் தலைமையாசிரியை உட்காரவைத்துப் பேசினாள்.

"உங்க சனத்துல பசங்க மேலதாங்க ஒரு கண்ணு வெக்க வேண்டியிருக்கு. பொண்ணுங்க தங்கம். எங்க ஊர்ப் பொண்ணுங்கதான் கெட்டுப்போயிடுவாங்களோன்னு பயமா இருக்கு."

பெற்ற பிள்ளையை முகத்துக்கு நேரே திருடன் ஆக்கினது அம்மாவின் காதில் ஏறவே இல்லை. தங்கம் என்ற ஒற்றைச் சொல்லைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வழியில் பஸ் நிறுத்தத்தில் ஊர்க்காரப் பெண்கள் இரண்டு பேர் புகை விட்டுக்கொண்டு நின்றார்கள். "பெத்தவங்க என்னதான் பண்றாங்களோ!" என்று வாய்விட்டே சொன்னாள். அந்த நேரத்தில் அவளைப் பிடித்து உலுக்க ஒருவரும் இல்லாமல் போய்விட்டார்கள்.

வாயாடிக்கு அடிக்கடி தலை வலித்தது. சோறு வேண்டாம் என்றாள். ஒன்றுமில்லாததற்கெல்லாம் எரிந்து விழுந்தாள். வயசுப் பெண் அப்படித்தான் இருப்பாள் என்று அம்மா விட்டுவிட்டாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கவேண்டியது பையனைத்தானே.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கடைக்குப் போன் வந்தது. குளியலறைக் கதவை மூத்தவன் உடைத்துத் திறந்திருந்தான். அம்மா ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

டாக்டர் தணிந்த குரலில் கேட்டார். "வீட்டுல கறை எடுக்குற மருந்து ஏதாவது வெச்சிருக்கீங்களாம்மா?"

இருந்தது. மகனின் வெள்ளைச் சட்டையில் மை பட்டால் எடுப்பதற்காக அவளே கடையிலிருந்து கொண்டுவந்த பாட்டில்.

"அதைத்தான் மோந்திருக்காங்க. பழக்கம் ரொம்ப நாளாவே இருந்திருக்கும். சில சமயம் இதயம் சட்டுனு நின்னுடும்."

"இல்லீங்க. எம் பொண்ணுங்க அது. பையன் இல்லீங்க" என்றாள் அம்மா. டாக்டர் ஆளை மாற்றிச் சொல்கிறார் என்றே நினைத்தாள். அவர் இன்னொரு தடவை, இன்னும் மெதுவாகச் சொன்னார்.

வெளியே சுவரோரம் குந்தியிருந்த மகனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "உனக்கு மூக்கு இருந்துச்சேடா! ஒரே வீட்டுலதானேடா இருந்தே! அவ மேல வாடை அடிக்கலியா?"

"அடிச்சுதும்மா. தினமும் அடிச்சுது. அது உன் வாசனைன்னு நெனச்சேன். வேலைலேருந்து வந்தா நீ அப்படித்தானேம்மா இருப்பே. உன்னைக் கட்டிக்கிட்டுத்தானே தூங்குவா, அதான் ஒட்டிக்கிச்சுன்னு..."

அம்மாவின் கை சட்டையை விட்டது. அவளுக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. வெடித்துத் தொலைத்தால் தேவலை என்றும் இருந்தது.

மூத்தவன் மறுபடி பள்ளிக்கூடம் போன முதல் நாள். சாயங்காலம் திரும்பி வந்து செருப்பைக் கழற்றினான். பழக்கதோஷத்தில் அங்கேயே நின்று வாயைத் திறந்தான். திறந்த பிறகுதான் உறைத்தது. மூட முடியாமல் அப்படியே நின்றான்.

அம்மா எழுந்து வந்தாள். வாயாடியைப் போலவே எம்பி, அவன் வாயருகே முகத்தைக் கொண்டுபோனாள். செத்த மூக்குக்கு என்ன தெரியும்? ஆனாலும் மோந்தாள். காலரை மோந்தாள், ஒவ்வொரு விரலாக மோந்தாள்.

"உள்ள..." என்று ஆரம்பித்தாள். அதற்குமேல் அவளுக்கு வரவில்லை. அந்த மிச்சச் சொல்லுக்காக அவன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான்.