அக்காவுக்குப் பதினைந்து வாட்ஸ்

அறுபது வாட்ஸ் வெளிச்சத்தில் என் அக்கா தேவகுமாரியை யாரும் கட்டிக்கொள்ள மாட்டார்கள் என்பது எங்கள் குடும்பத்தில் நிரூபிக்கப்பட்ட உண்மை. மூன்று முறை சோதித்துப் பார்த்தாயிற்று. சின்ன வயதில் கொதிக்கிற கஞ்சிப் பானை சரிந்ததில், இடது காதிலிருந்து தாடை வரை அவளுக்குத் தோல் சுருங்கிப்போயிருந்தது. வலது பக்கம் தெரிய எடுத்த போட்டோவைப் பார்த்துவிட்டு ஏற்காட்டு மலையேறி வருவார்கள். இடது பக்கத்தைப் பார்த்துவிட்டு இறங்கிப் போவார்கள். மிக்சர் மட்டும் தீர்ந்துவிடும்.

நாலாவதாகச் சேலத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் வருவதாகக் கடிதம் வந்தது. இதுவும் தவறினால் கொட்டச்சேடு மரியஜோசப்புக்குக் கொடுத்துவிடுவது என்று அப்பா முடிவு செய்திருந்தார். மரியஜோசப்புக்கு வயது ஐம்பத்திரண்டு. இரண்டாவது மனைவி இறந்து ஆறு மாதம். அவருக்கு எத்தனை வாட்ஸானாலும் சம்மதம்.

அப்பா பெரியநாயகம் நாகலூர் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். நான் அப்போது பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் இரண்டாம் வருடம். 1987.

"ஏண்டா மனுவேலு, லைட்டு வெளிச்சத்தக் கொறைக்க முடியுமா?"

"டிம்மர் போட்டாக் கொறையும்ப்பா."

"செவுத்துல திருகிக்கிட்டு நிக்கப்படாது. உள்ள இருந்துக்கிட்டே கொறைக்கோணும். கேட்டா லோ வோல்டேஜுன்னு சொல்லிக்கலாம்."

மலையில் பொழுது சாய்ந்தால் பல்பு தானாகவே பழுத்துப்போகும். ஆனால் வேண்டாத நாளெல்லாம் மங்குகிற கரண்ட், வேண்டிய நாளில் பளிச்சென்று எரிந்து தொலைக்கும் என்பது அப்பாவின் கவலை.

ரிமோட் பொம்மைக் கார் ஒன்று வாங்கி உடைத்தேன். அதன் மோட்டாரை டிம்மரின் திருகோடு பூட்டினேன். ரிமோட்டில் முன்னால் தள்ளினால் வெளிச்சம் ஏறும், பின்னால் இழுத்தால் இறங்கும். சர்க்யூட் போர்டும் சொந்தத் தயாரிப்பு. செம்பு பூசிய அட்டையில் கோடு வரைய அக்காவின் நகப்பாலிஷ்தான் சரியாக வந்தது. கேட்டதும் கொடுத்தாள். பெரிக் குளோரைடு கரைசலில் ஊறப்போட்டால் பாலிஷ் படாத செம்பெல்லாம் கரைந்து கோடு மட்டும் நிற்கும். அம்மாவின் அலுமினியக் குண்டானில் ஊறப்போட்டதால் குண்டானும் கரைந்தது.

பிறகு ஒத்திகை. அக்காவைப் பல்புக்கு அடியில் நிறுத்தினோம். அப்பா மாப்பிள்ளை உட்காரப்போகும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எறக்கு. இன்னுங் கொஞ்சம். தெரியுது, தெரியுது... எறக்கு."

"ஒரேயடியா அமத்திருங்களேன்ப்பா," என்றாள் அக்கா.

பதினைந்து வாட்ஸில் தழும்பு மறைந்தது. மூக்கும் பாதி மறைந்தது. அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள்.

மாப்பிள்ளை சூசைமாணிக்கமும் அவன் அம்மா அற்புதமும் மாலை ஆறரைக்கு வந்தார்கள். வெளியே மூடுபனி. குளிரைச் சொல்லி ஜன்னல்களைச் சாத்தியிருந்தோம். அக்கா காப்பித் தட்டோடு வந்தாள். நான் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று ரிமோட்டை இழுத்தேன். கிர்ரென்ற சத்தத்தோடு வெளிச்சம் இறங்கியது.

"ஏனுங்க, கரண்டு எப்பவும் இப்படித்தானுங்களா?" என்றாள் அற்புதம்.

"மலையில இப்படித்தானுங்க. லோ வோல்டேஜு."

"அது தெரிஞ்சுதானுங்க வந்தோம்." பையைத் திறந்து மூன்று பேட்டரிக் கட்டை போடுகிற டார்ச் ஒன்றை எடுத்தாள்.

ஏற்காட்டுக்கு டார்ச் இல்லாமல் யாரும் வருவதில்லை. தலையணைக்கு அடியில் ஆளுக்கொரு டார்ச் வைத்துத் தூங்குகிற எங்கள் குடும்பம், இதை மறந்துபோயிருந்தது.

"இந்தப் பக்கம் திரும்பு கண்ணு. தலைய நிமுத்து சாமி."

வெளிச்ச வட்டம் வலது கன்னத்தைக் கடந்து இடது கன்னத்தில் நின்றது. காதிலிருந்து தாடைக்கு இறங்கியது. மறுபடி காதுக்கு ஏறியது. அவசரமே இல்லை. அக்கா தட்டை ஏந்தியபடி முகத்தை வெளிச்சத்துக்குக் காட்டிக்கொண்டு நின்றாள். நான் பதறிப்போய் ரிமோட்டை முன்னால் தள்ளினேன். பல்பு அறுபதுக்கு ஏறியது. அற்புதம் டார்ச்சை அணைக்கவில்லை.

சூசைமாணிக்கம் முதன்முறையாக நிமிர்ந்தான், பல்பைப் பார்க்க. அவன் சேலத்தில் எலக்ட்ரிக்கல் கடையில் வேலை செய்பவன்.

"இது வோல்டேஜு இல்லீங்களே. டிம்மரு. ஆரு செஞ்சது?"

நான் ஏரியல் நீட்டிய ரிமோட்டோடு திரையை விலக்கிக்கொண்டு வந்தேன். அவன் ரிமோட்டை வாங்கி இறக்கினான், ஏற்றினான், மறுபடி இறக்கினான். அக்காவின் முகம் போய்ப் போய் வந்தது.

"ஒயரே இல்லாம! போர்டும் ஊட்லயே செஞ்சதுங்களா?"

"ஆமாங்க."

"நொம்பச் சுத்தமான வேலைங்க."

பாலிடெக்னிக்கில் இரண்டு வருடமாக யாரும் என்னிடம் இப்படிச் சொன்னதில்லை. ஸ்டூல் போட்டு ஏறி, சுவரில் உயரத்தில் மாட்டியிருந்த டிம்மர் பெட்டியைத் திறந்து, எந்தக் கோடு எங்கே போகிறது என்று விளக்கினேன். டார்ச் வெளிச்சத்தில் அக்காவின் நிழல் போர்டில் விழுந்தது. கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னேன். தள்ளி நின்றாள்.

ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. பெண் விஷயம் ஒரு வரி: தற்சமயம் தோதுப்படவில்லை. மீதிப் பக்கம் முழுவதும் எனக்கு. சூசைமாணிக்கத்தின் தங்கைக்குப் பல் சற்று முன்னால் இருக்கிறதாம். தை மாதம் பெண் பார்க்க வருகிறார்களாம். அதேபோல் ஒன்று செய்து தர முடியுமா?

"செஞ்சு குடு," என்றார் அப்பா. "நல்ல மனுசங்க."

அக்கா கடிதத்தை இரண்டு முறை படித்தாள்.

"அந்தப் புள்ளைக்குத் தெரியுமாடா?"

"தெரியாம எப்படி? பல்புக்கு அடியில நிக்கப்போறது அவதான."

"டார்ச்சுக்கு என்னடா பண்ணுவாங்க?"

அதற்கு என் பாடப்புத்தகத்தில் சர்க்யூட் இல்லை.

மரியஜோசப் அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து நேராக வந்தார். பனி விலகி நல்ல வெயில். அப்பா நாற்காலியை வாசலிலேயே போட்டார். அக்கா எதிரில் வந்து நின்றாள். அவர் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை, கைகளைத்தான் பார்த்தார்.

"மாடு ரெண்டு இருக்குதுங்க. கறப்பாளா?"

"பழகிக்குவாளுங்க," என்றார் அப்பா.

நான் உள்ளே ஜன்னலோரம் இரண்டாவது போர்டுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். கை ஆடிவிடும் என்பதால் வெளியே போகவில்லை.